ஆறு கண் ஆந்தை: சின்னப் பிள்ளைகளுக்குக் கைவினைப் பெட்டி வாங்குவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

என் மகளுக்கு நான்கு வயதானபோது ஒரு கைவினைப் பெட்டி வாங்கினேன். அட்டைப்படத்தில் மூன்று ஆந்தைகள் கிளையில் உட்கார்ந்திருந்தன. உள்ளே துணியில் வெட்டிய உடல்கள், இறக்கைகள், ஆறு கண்கள், ஒரு பசைக் குழாய். நான் குறிப்புத்தாளைப் படித்து முடிப்பதற்குள் அவள் ஆறு கண்களையும் ஒரே ஆந்தையின் மேல் ஒட்டிவிட்டாள். "இது ராத்திரில எல்லாப் பக்கமும் பாக்கும்" என்றாள். நானோ நான்கு கண்களைப் பிய்த்தெடுத்து மற்ற இரண்டு ஆந்தைகளுக்கும் ஒட்டினேன். "ஏன்மா எடுத்த?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த முக்கால் மணி நேரம் உட்கார்ந்து மூன்று ஆந்தைகளையும் முடித்தது நான்தான். படத்தில் இருந்தபடியே வந்தன. அவள் அவற்றை ஒரு தடவைகூடத் தொடவில்லை.

அதற்கப்புறம் பல பெட்டிகள் வாங்கி, பாதியை வீணாக்கி, கொஞ்சம் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படி எழுதுகிறேன். ஒன்றரை வயதிலிருந்து ஆறு, ஏழு வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது.

படி 1: வயதைக் கேட்பதற்கு முன் கையைப் பாருங்கள்

ஒரே வயதுள்ள இரண்டு பிள்ளைகளின் கைகள் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. வாங்கும் முன் இரண்டு, மூன்று நாள் சும்மா கவனியுங்கள். க்ரேயானை எப்படிப் பிடிக்கிறார்கள்? முஷ்டியால் இறுகப் பிடித்துத் தோளிலிருந்து வீசிக் கிறுக்கினால், அந்தக் கைக்குப் பெரிய தாளும் தடித்த க்ரேயானும்தான் சரி. மணி கோப்பதும் சின்னக் கட்டத்துக்குள் வண்ணம் தீட்டுவதும் அந்தக் கைக்குத் தண்டனை. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பிடிக்கத் தொடங்கிவிட்டால் (பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வயதுக்குள்) நுணுக்கமான வேலைகளைத் தரலாம்.

இங்கே ஒரு சின்னத் தந்திரம். புதுக் க்ரேயானை இரண்டு மூன்று துண்டுகளாக உடைத்துக் கொடுத்துப் பாருங்கள். துண்டு சிறியதாக இருந்தால் முஷ்டியால் பிடிக்க இடமில்லை, விரல்நுனிகள் தானாகவே வேலைக்கு வந்துவிடும். இதைச் செய்வது மூன்று வயதுக்கு மேல் மட்டும். அதற்குக் கீழே அதே துண்டு தொண்டையில் சிக்கக்கூடிய பொருள்.

கத்தரிக்கோல் இன்னொரு நல்ல அளவுகோல். இரண்டு வயதில் தாளைக் கிழிப்பதே பெரிய வித்தை. அதைச் செய்யவிடுங்கள், இரண்டு கையும் எதிரெதிர்ப் பக்கம் போகப் பழகுவது அங்கேதான். மூன்று வயதை ஒட்டித் தாளின் ஓரத்தில் 'நறுக், நறுக்' என்று துண்டு போடுவார்கள். நான்கில் நேர்கோட்டைப் பிடித்து வெட்டுவார்கள். வளைவும் வட்டமும் ஐந்தை ஒட்டி வரும். பெட்டியில் "வடிவங்களை வெட்டியெடுக்கவும்" என்று எழுதியிருந்து, உங்கள் பிள்ளை இன்னும் 'நறுக்' நிலையில் இருந்தால், வெட்டப்போவது நீங்கள்தான்.

இடதுகைப் பிள்ளைக்கு இடதுகைக் கத்தரிக்கோலே வாங்குங்கள், இதில் சமாதானம் வேண்டாம். சாதாரணக் கத்தரிக்கோலை வலதுகையில் பிடிக்கும்போது விரல்கள் தரும் அழுத்தம் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்கும். இடதுகையில் பிடித்தால் அதே அழுத்தம் அலகுகளை விலக்கிவிடும். தாள் வெட்டுப்படாமல் இடையில் மடிந்துபோகும், வெட்டவேண்டிய கோடும் அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும். பிள்ளைக்குத் திறமையில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

முழுக்கப் பிளாஸ்டிக்கில் வரும் 'பாதுகாப்பான' கத்தரிக்கோல் பலவும் பிசைந்த மாவைத் தவிர எதையும் வெட்டாது. மூன்றரை, நான்கு வயதுக்கு முனை மழுங்கிய உலோகக் கத்தரிக்கோலைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருவது மேல்.

படி 2: பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள்

அட்டையில் உள்ள வயது எண் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்லக்கூடும், பலரும் குழம்புவது இங்கேதான். "5 வயதுக்கு மேல்" என்பது பெரும்பாலும் வேலையின் கடினத்தைச் சொல்கிறது. "3 வயதுக்குக் கீழ் ஆகாது" என்பதும், சிவப்பு வட்டத்துக்குள் குழந்தை முகமும் 0-3 என்ற எண்ணும் போட்டு அடித்த குறியும் ஆபத்தைச் சொல்கின்றன. முதலாவதில் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். இரண்டாவதில் "என் பிள்ளை ரொம்பக் கெட்டிக்காரன்" என்ற வாதம் செல்லாது. கெட்டிக்காரப் பிள்ளையும் பொருளை வாயில்தான் வைக்கும்.

சின்னத் துண்டு என்றால் எவ்வளவு சின்னது? அமெரிக்கப் பாதுகாப்பு விதியில் இதற்கென்று ஓர் உருளை இருக்கிறது. உட்புற விட்டம் 31.7 மில்லிமீட்டர். ஏதாவது ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தால் அழுத்தாமலே அதற்குள் முழுதாக அடங்கிவிடும் பொருள் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. வீட்டில் அந்த உருளைக்குப் பதில் டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக்குழலை வைத்துக்கொள்ளலாம். அது சற்றே அகலமானது, அதனால் நமக்குக் கூடுதல் பத்திரம். ஆடும் கண்கள், மணிகள், பஞ்சு உருண்டைகள், பொத்தான்கள் எல்லாம் அதில் விழுந்துவிடும். பெரிய பிள்ளைக்கு வாங்கினாலும் வீட்டில் தவழும் தம்பியோ தங்கையோ இருந்தால் அந்தக் குழந்தையின் வயதைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும்.

பெட்டிக்குள் இருந்தால் நான் திருப்பி வைத்துவிடும் பொருள்கள் சில உண்டு. முதலாவது, தண்ணீரில் ஊறி வீங்கும் ஜெல் மணிகள். கடுகு மாதிரி இருக்கும், ஊறினால் கோலிக்குண்டு அளவுக்கு வரும். விழுங்கினால் குடலுக்குள் வீங்கி அடைத்துக்கொள்ளும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதுமில்லை. அடுத்தது சின்னச் சின்ன வலுவான காந்தங்கள். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு துளையிட்டுவிடும். மூன்றாவது பொத்தான் பேட்டரி. விளக்கு எரியும் வாழ்த்து அட்டை, மின்னும் கிரீடம் மாதிரியான பெட்டிகளில் வரும். உணவுக்குழாயில் மாட்டினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக வெந்துபோகும். பேட்டரி அறை திருகாணியால் மூடப்பட்டிருந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால்கூடப் போதும், காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கைப்பதிவு எடுக்கும் பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடாகும், கனமாக இருந்தால் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் அளவுக்கு. குழந்தையின் கையை நேராக அதற்குள் புதைக்கவே கூடாது. களிமண்ணில் கையை அழுத்தி, கையை எடுத்தபிறகு அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரை ஊற்றுவதுதான் முறை. பொடியைக் கலக்குவதும் பெரியவர் வேலை.

ஸ்லைம் (வழவழவென்று இழுபடும் பிசைபொருள்) பெட்டிகளில் போராக்ஸ் (வெண்காரம்) வகைப் பொடியோ திரவமோ இருக்கும். கலப்பதை நீங்கள் செய்துகொண்டு பிள்ளையிடம் பிசைவதை மட்டும் விடலாம். தோலில் புண் இருந்தால் அன்றைக்கு வேண்டாம், முடிந்ததும் கை கழுவவேண்டும். ஜிகினாத் தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக் படலத்தை நறுக்கியது. கண்ணுக்குள் போனால் உறுத்தும், வீட்டை விட்டுப் போகவே போகாது. மின்னவேண்டும் என்றால் ஜிகினா கலந்த பசையைக் கொடுத்துவிடலாம்.

இனி குறிகள். ஐரோப்பாவில் விற்கும் பொம்மைகளில் சிஇ (CE) என்ற குறி இருக்கும், 'இஎன் 71' (EN 71) என்பது அங்கே பொம்மைகளுக்கான தர விதித் தொகுப்பு. அதில் விரல் வண்ணங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. சிஇ குறியைப் பெரும்பாலும் தயாரிப்பாளரே சொந்தப் பொறுப்பில் போட்டுக்கொள்கிறார் என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்க வண்ணப் பொருள்களில் 'ஏஎஸ்டிஎம் டி-4236' (ASTM D-4236) என்ற வரியைப் பார்க்கலாம். அந்த வரி இருந்தாலே பொருள் தீங்கற்றது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீண்டகாலத் தீங்கு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள் என்பது மட்டுமே அதன் அர்த்தம். வட்டத்துக்குள் 'ஏபி' (AP) முத்திரை இருந்தால் பெரியவர், பிள்ளைகள் இருவருக்கும் நச்சில்லை என்று மதிப்பிடப்பட்டது. நச்சில்லை என்பதால் தின்னலாம் என்று ஆகிவிடாது. மூடியைத் திறந்ததும் சுருக்கென்று மூக்கில் ஏறும் வாசனை வந்தால், குறி எதுவாக இருந்தாலும் நான் மூடிவிடுவேன்.

படி 3: உள்ளே எத்தனை முடிவுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள்

துண்டுகளை எண்ணச் சொல்லவில்லை. "500 துண்டுகள்!" என்று அட்டையில் கத்தும் பெட்டியில் 300 சம்கியாக இருக்கும். நீங்கள் எண்ணவேண்டியது, பிள்ளை தானே முடிவெடுக்கும் இடங்களை. எந்த நிறம், எத்தனை, எங்கே, எவ்வளவு பெரியது, எப்போது நிறுத்துவது?

என் ஆந்தைப் பெட்டியில் விடை பூஜ்யம். எல்லாவற்றையும் பெட்டி செய்தவரே முடிவு செய்துவிட்டார். ஒட்டவேண்டிய இடத்தில் புள்ளிக்கோடுகூட இருந்தது. அதனால்தான் ஆறு கண் ஆந்தை தப்பாகத் தெரிந்தது. அட்டையில் படமே இல்லாமல் அதே துணியும் கண்களும் வந்திருந்தால் அதில் தப்பே கிடையாது.

கைவினைப் பெட்டி என்பது நேற்று வந்த யோசனையல்ல. 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சின்னப் பிள்ளைகளுக்கான நிலையத்தைத் தொடங்கிய ஃபிரெடரிக் ஃப்ரோபல்தான் 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரையும் தந்தவர். அவர் பிள்ளைகளுக்காக வரிசையாகச் சில பொருள்களை உருவாக்கினார், அவற்றை 'பரிசுகள்' என்றே அழைத்தார். கம்பளி நூலால் செய்த பந்துகள், மரத்தில் கோளம், கனசதுரம், உருளை, பிறகு சின்னக் கட்டைகளாகப் பிரியும் பெரிய கனசதுரங்கள். கூடவே தாள் மடிப்பது, தாள் பின்னுவது, களிமண் பிசைவது போன்ற 'வேலைகள்'. கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் சின்ன வயதில் இந்தக் கட்டைகளோடு விளையாடியதைக் கடைசி வரை நன்றியோடு சொல்லிவந்தார். வட்டமும் சதுரமுமான அந்தப் பொருள்கள் பல வேலைக்கு வரும்.

1971இல் சைமன் நிக்கல்சன் என்பவர் 'தளர்வான பாகங்கள்' (loose parts) என்ற கருத்தை முன்வைத்தார். ஓர் இடத்தில் அசைக்கவும் மாற்றவும் கலைக்கவும் கூடிய பொருள்கள் எவ்வளவுக்கு அதிகமோ, அவ்வளவுக்குப் புதிதாக எதையாவது கண்டுபிடிக்க வாய்ப்பு என்பது அதன் சாரம். கடையில் நிற்கும்போது எனக்கு உதவுவது இந்த ஒரு சோதனைதான்: ஒரே பெட்டியை மூன்று பிள்ளைகளிடம் கொடுத்தால் மூன்று வேறு பொருள்கள் வருமா?

இதற்காகக் குறிப்புத்தாளோடு வரும் பெட்டிகளை நான் மட்டம் தட்டவில்லை. தாள் மடிப்பு, எளிய நெசவு, தையல் அட்டை போன்றவற்றில் வரிசைப்படி செய்வதுதான் வித்தை. ஐந்து, ஆறு வயதில் "படத்தில் இருப்பது மாதிரியே வரணும்" என்று பிள்ளையே அடம்பிடிக்கும், அப்போது அது அவர்கள் எடுத்த முடிவு. அந்த வகையை வாங்கினால் இரண்டைப் பாருங்கள்: ஒவ்வொரு படிக்கும் படம் இருக்கிறதா, தப்பு செய்தால் இன்னொரு தடவை முயலப் பொருள் மிச்சம் இருக்கிறதா. மூன்று ஆந்தைக்கு ஆறே கண் இருக்கும் பெட்டியில் ஒரு கண் சோபாவுக்கு அடியில் ஓடினால் கதை முடிந்தது.

எண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டும் பெட்டி, மணலை ஒட்டும் அட்டை இதெல்லாம் நீண்ட பயணத்தில் கையைச் சும்மா வைக்காமலிருக்க நல்லது. அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

படி 4: மலிவு எங்கே ஒளிந்திருக்கிறது

பெட்டி தயாரிப்பவர் காசை மிச்சப்படுத்தும் இடங்கள் மூன்று: தூரிகை, பசை, தாள். மூன்றும் சொதப்பினால் பிள்ளைக்குக் கோபம் வரும். முடி உதிரும் தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தடித்த, குட்டையான கைப்பிடியுள்ள ஒன்றைத் தனியாக வாங்கி வையுங்கள். அச்சுக்கு எடுக்கும் 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளில் தண்ணீர் வண்ணம் பட்டால் சுருண்டு கிழியும். வண்ணத்துக்கு 150 ஜிஎஸ்எம்முக்கு மேல் போங்கள். தாளோடு தாளை ஒட்ட குச்சிப்பசை போதும், பஞ்சு, பொத்தான் மாதிரிக் கனமானவற்றுக்கு வெள்ளைப் பசை வேண்டும். அதைக் குழாயோடு கொடுத்தால் முழுவதையும் பிதுக்கிவிடுவார்கள். ஒரு மூடியில் ஊற்றி, காது குடையும் பஞ்சுக் குச்சியைக் கையில் கொடுங்கள்.

காயும் நேரத்தையும் பாருங்கள். "இரவு முழுதும் காயவிடவும்" என்பது மூன்று வயதுக்காரருக்குப் புரியாத வாக்கியம்.

படி 5: பெட்டியே வேண்டாத நாட்கள்

சொல்லப்போனால் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கு மட்டும் வாங்குங்கள். 24 நிறம் வாங்கினால் எல்லாவற்றையும் கலந்து சேற்று நிறமாக்கி முடிப்பார்கள், கலப்பதில் இருக்கும் ஆச்சரியமும் போய்விடும். இரண்டு, மூன்று வயதுக்கு ஒரு தடவைக்கு இரண்டே நிறம். மஞ்சளும் நீலமும் கொடுங்கள், அல்லது மஞ்சளும் சிவப்பும். எப்படிக் கலந்தாலும் பச்சையோ ஆரஞ்சோ வரும், சேறு வராது.

பிசையும் மாவு வீட்டிலேயே செய்யலாம். மாவு 2 பங்கு, உப்பு 1 பங்கு, தண்ணீர் சுமார் 1 பங்கு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசையவேண்டியதுதான். கடைகளில் கிடைக்கும் ப்ளே-டோ என்ற பிசையும் மாவின் கதையே வேடிக்கையானது. சுவர்த்தாளில் படியும் புகைக்கரியை ஒற்றி எடுக்கப் பயன்பட்ட பசைமாவு அது. 1950களில் ஒரு மழலையர் பள்ளியில் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள், 1956இல் விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்துவிட்டது. அதில் கோதுமை இருப்பதால் கோதுமை ஒவ்வாமையுள்ள பிள்ளைக்குச் சரிப்படாது. வீட்டு மாவில் உப்பு மிக அதிகம், வேகாத மாவில் கிருமியும் இருக்கலாம். எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதில் இதை எடுக்காதீர்கள். நாய் வளர்க்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள், அந்த அளவு உப்பு நாய்க்கு விஷம்.

அட்டைப்பெட்டி, துணித்துண்டு, உதிர்ந்த இலை, மூடி, நூல், பழைய உறை இவற்றை ஒரு கூடையில் சேர்த்துவைத்தால் அதுவே நல்ல பெட்டி. ஆனால் கூடையை அப்படியே கவிழ்க்காதீர்கள். ஐந்தாறு வகையை மட்டும் எடுத்து வைத்தால் போதும், மலைபோல் குவிந்தால் பிள்ளைக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது.

படி 6: உட்காரும் அந்த இருபது நிமிடம்

முந்தின இரவே பெட்டியைத் திறந்து ஒரு தடவை நீங்கள் செய்து பாருங்கள். எது ஒட்டவில்லை, எது வெட்டவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். செய்து முடித்ததைப் பிள்ளையிடம் காட்டாதீர்கள், காட்டினால் அதுதான் அடுத்த அட்டைப்படம்.

மேசையில் செய்தித்தாள், பக்கத்தில் ஈரத்துணி, பிள்ளைக்குப் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டிவிடுதல். இந்த மூன்றும் இருந்தால் நீங்கள் "அய்யோ, பாத்து!" என்று கத்துவது பாதியாகக் குறையும். மூன்று வயதில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே நல்ல நாள். நடுவில் எழுந்து போனால் இழுத்து உட்காரவைக்க வேண்டாம், பொருளை அப்படியே விட்டுவையுங்கள். பாதிப் பேர் திரும்பி வருவார்கள்.

உங்கள் கைகளுக்கும் ஒரு வேலை வேண்டும், இல்லையென்றால் அவை பிள்ளையின் தாளுக்குப் போய்விடும். எனக்கு இது கஷ்டப்பட்டுத்தான் வந்தது. இப்போது எனக்கென்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு எதையாவது கிறுக்குகிறேன். அவள் என்னைப் பார்த்து வரையத் தொடங்கினால் உடனே வெறும் கோடும் வட்டமுமாக மாறிவிடுவேன். உதவி கேட்டால் கேட்ட அளவுக்கு மட்டும். "குதிரை வரைஞ்சு கொடு" என்றால் இன்னொரு தாளில் காலை மட்டும் எப்படிப் போடலாம் என்று காட்டலாம்.

"இது என்ன?" என்று கேட்காதீர்கள். மூன்று வயதுக் கிறுக்கல் பெரும்பாலும் எதுவுமில்லை, கை போன போக்கு அது. நீங்கள் கேட்டதால் "நாய்" என்று சொல்லிவைப்பார்கள். கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும்: "இங்க ரொம்ப அழுத்திப் போட்டிருக்க", "நீலம் தாளோட ஓரம் வரைக்கும் போயிருச்சே". கதை தானாக வரும்.

பரிசு கொடுப்பது பற்றி 1973இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்லவேண்டும். ஸ்டான்ஃபோர்டில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில், ஏற்கெனவே ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துப் பார்த்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைப் போலச் சுமார் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. அதனால் "முடிச்சா சாக்லேட்" என்ற பேரத்தை நான் விட்டுவிட்டேன். சாக்லேட் கொடுக்கிறேன்தான், படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல்.

படி 7: இன்னொருவர் வீட்டுக்கு வாங்கும்போது

பெற்றோரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "வீடு அழுக்கானால் பரவாயில்லையா?" தயங்கினால் ஸ்டிக்கர், தண்ணீர் தொட்டு எழுதும் பலகை, தையல் அட்டை இவற்றோடு நிறுத்துங்கள். ஜெல், ஜிகினா, ஸ்லைம் கொடுத்தால் நட்பு கெடும். வேறெதுவும் தோன்றாவிட்டால் நல்ல தாள் ஒரு கட்டு, நல்ல க்ரேயான் ஒரு பெட்டி. கிரயோலா என்ற பிராண்டின் முதல் க்ரேயான் பெட்டி 1903இல் வந்தபோது அதில் எட்டு நிறங்கள்தான் இருந்தன, இன்றைக்கும் அது போதும்.

படி 8: செய்ததை என்ன செய்வது

தாளின் பின்புறம் தேதியையும், வரையும்போது பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் படத்தைவிட அந்த வாக்கியம்தான் உங்களைச் சிரிக்கவைக்கும். முப்பரிமாணப் பொருள்களைப் படம் பிடித்துவிட்டுக் கலைக்கலாம், மணியும் பொத்தானும் கூடைக்குத் திரும்பும். மாதத்துக்கு ஒரு தடவை எதை வைப்பது என்று பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், நாம் நினைக்காத ஒன்றைத்தான் எடுப்பார்கள். மீதியைக் குப்பையில் போடும்போது மேலாகப் போடாதீர்கள். காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.